படிகாரம் போட்ட தண்ணீர்

பத்தாவது விநாடி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

தொட்டியின் மேல்முனையில் இருந்த தடுப்புப் பலகையை என்னோடு வேலை செய்த அர்ஜுனன் தூக்கினார். வாளிகளில் கலக்கி ஊற்றி வைத்திருந்த சேறும் மணலும் தெளிந்த தண்ணீருக்கு அடியில் புகுந்து, சரிவில் இறங்கி ஓடின. கண்ணாடிப் பக்கம் முழங்கால் போட்டு, கையில் ஸ்டாப் வாட்சோடு நான். எனக்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் முதலாளி மிஸ்டர் ஆந்தோனி.

பிறகு ஓட்டம் தடுமாறியது. இருபதாவது விநாடியில் நின்றே போனது. முப்பதடித் தொட்டியின் கடைசி வரைக்கும் போக வேண்டிய சேறு, திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகி, மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது.

“அலாமாக்!” என்று தலையில் கைவைத்துக் கத்தினார் மிஸ்டர் ஆந்தோனி. அவர் கத்தினால் நாங்கள் சிரித்துக்கொள்வோம். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அன்று திங்கட்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் ‘எண்ணெய்க்காகச் சேறு ஓட்டிய கொட்டகை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார்: “அம்மா, மலாக்காவில், அதுவும் காஜா பெராங்கில் எண்ணெய்க் கிணறே கிடையாதே, கதை விடுகிறீர்களா?”

கதை விடவில்லை, தாயே. கிணறு எங்கோ போர்னியோ பக்கம் கடலோரத்தில் இருந்தது. கம்பெனியின் பெயர் எதற்கு? அவர்கள் தரையைத் துளைத்து எடுத்த கல் உருளைகளில் சிலவற்றைப் பெட்டியில் வைத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கைமுட்டி கனத்தில், வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் அடியில் பெருமணல், அதற்கு மேல் பொடிமணல், உச்சியில் சேறு. திரும்பவும் பெருமணல், பொடிமணல், சேறு. அடுக்கு அடுக்காக அப்படியே போகும்.

இது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. கடலுக்கு அடியில் சரிவான இடங்களில் குவிந்து கிடக்கும் சேறும் மணலும் எப்போதாவது சரிந்து இறங்கும். தண்ணீருக்குள்ளேயே ஒரு சேற்று ஆறு ஓடும். ஓடி ஓய்ந்து நிற்கும்போது கனமானது முதலில் படியும், மெல்லியது மேலே படியும். எத்தனையோ காலம் கழித்து அது கல்லாகும். அந்த மணற்கல்லில் உள்ள பொடித் துளைகளில்தான் எண்ணெய் தங்குகிறது. துளை திறந்திருந்தால் எண்ணெய் கிணற்றுக்கு ஓடிவரும். சேறு அடைத்திருந்தால் வராது. கிணறு தோண்டிய செலவெல்லாம் வீண்.

அந்தச் சேற்று ஆற்றைச் சின்னதாகச் செய்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் யாருக்கும் புரியாது. நான் தங்கியிருந்த வீட்டில் அக்காவின் புருஷன், என் அத்தான், தன் கூட்டாளிகளிடம், “நம்ம ராஜம் மண்ணு கரைச்சு ஊத்துற ஆபீஸ்ல வேலை பாக்குது லா” என்றுதான் சொல்வார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மூன்று பேர்

கொட்டகை முன்பு ரப்பர் கிடங்காக இருந்தது. எவ்வளவு கழுவியும் அந்தப் புளித்த வாடை போகவில்லை. வேலை செய்தவர்கள் மொத்தமே மூன்று பேர்.

மிஸ்டர் ஆந்தோனி மலாக்காக் கடலோரத்து உஜோங் பாசிர்க்காரர். போர்த்துகீசிய வம்சம், மீன்பிடிக் குடும்பம். துறைமுக வேலையில் இருபது வருஷம் சேறு அளந்தவர். நாங்கள் அவரைத் ‘துவான்’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் மலாக்காக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறங்கினால் முழங்கால் வரைக்கும் சேற்றில் புதையும். “ஊரே திட்டுற சேத்தை வச்சு நான் பேர் வாங்கிக் காட்டுறேன்” என்று சொல்லிக்கொண்டு இந்தத் தொட்டியைக் கட்டினார். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருந்தது. எதை வேண்டுமானாலும் நாமே செய்துவிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு தெம்பு இருந்த சமயம்.

அர்ஜுனன் கம்போங் செட்டிக்காரர். மலாக்காச் செட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, வீட்டில் பேசுவது மலாய். அதனால் நானும் அவரும் மலாயில்தான் பேசுவோம். நான் அவரைப் ‘பாங்’ என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை ‘டெக்’ என்பார், தங்கச்சி என்று. நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். உஜோங் பாசிரிலிருந்து வரும் கடல் சேற்றைக் கழுவுவது அவர் வேலை.

கழுவுவது என்றால் சும்மா இல்லை. கடல் சேற்றில் உப்பு இருக்கும். உப்பு இருந்தால் சேறு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும். அதனால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, படியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, மறுபடி ஊற்றிக் கலக்கி, இப்படி நாள் கணக்கில் செய்ய வேண்டும். முதலில் உப்பில்லாமல் பார்த்துவிட்டு, பிறகு கடல் தண்ணீரில் பார்க்கலாம் என்பது மிஸ்டர் ஆந்தோனியின் திட்டம்.

மூன்றாவது ஆள் நான். இருபத்தோரு வயது. கணக்கில் கெட்டி, வாயிலும் கெட்டி. விநாடி பார்ப்பது, படிந்த அடுக்கை அளப்பது, அதில் குழாயை இறக்கித் துண்டு எடுத்து, மேலே ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதுவது. சீக்கிரம் இறங்கினால் நல்ல மணல். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வெளியில் சொல்லமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்று காத்திருப்பேன்.

சனிக்கிழமை நான் செய்தது

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் முழுக்க மழை. கொட்டகைக் கிணறு கலங்கிப்போய்விட்டது. இறைத்து ஊற்றிய தண்ணீர் தேத்தண்ணி நிறம். இதைத் தொட்டியில் நிரப்பினால் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. மிஸ்டர் ஆந்தோனி வெள்ளிக்கிழமை முழுக்க இதையே சொல்லிப் புலம்பினார்.

சனிக்கிழமை அவர் மணல் எடுக்க உஜோங் பாசிருக்குப் போய்விட்டார். அர்ஜுனனுக்கு லீவு. அன்றைக்கு அவர்கள் வீட்டில் பார்ச்சு. இறந்துபோன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டுப் பழமும் பலகாரமும் வைத்துப் படைக்கிற நாள். செட்டிகள் எதை விட்டாலும் அதை விடமாட்டார்கள்.

கொட்டகையில் நான் ஒருத்தி. பெரிய இரும்பு டாங்கியில் கலங்கல் தண்ணீர்.

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அடுப்படி மாடத்தில் ஒரு படிகாரக் கட்டி இருக்கும். கிணறு கலங்கினால் அதைக் குடத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றுவோம். அரை மணி நேரத்தில் அழுக்கு அடியில், தெளிந்த தண்ணீர் மேலே. உப்பு, புளி மாதிரி அதுவும் வீட்டுச் சாமான். யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

நான் வீட்டுக்கு ஓடி, கட்டியை எடுத்து வந்தேன். டாங்கி பெரிசாயிற்றே என்று கடையில் இன்னும் கை நிறைய வாங்கி, தட்டிப் பொடியாக்கிப் போட்டேன். துடுப்பால் நன்றாகக் கலக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

திங்கட்கிழமை காலை தண்ணீர் பளிங்கு. மிஸ்டர் ஆந்தோனி குனிந்து பார்த்துவிட்டு, “தானா தெளிஞ்சிடுச்சே!” என்று கைதட்டினார். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஓட்டம் நன்றாக வந்தபிறகு சொன்னால் இன்னும் கொஞ்சம் பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரைத்தான் தொட்டியில் நிரப்பினோம். அதில்தான் அர்ஜுனன் சேற்றையும் கலக்கினார்.

“உப்பு போகலை”

சேறு திரிந்து நின்றதும் மிஸ்டர் ஆந்தோனி குழாயை இறக்கித் துண்டு எடுக்கச் சொன்னார். மணலும் சேறும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அடுக்கே இல்லை. கோப்பைத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றியது ஊற்றியபடி மேலேயே நின்றது. வழக்கமாக இரண்டு மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு வாட்சை நிறுத்தினேன்.

மிஸ்டர் ஆந்தோனி அர்ஜுனன் பக்கம் திரும்பினார்.

“உப்பு போகலை. நீ சரியாக் கழுவலை.”

“கழுவினேன், துவான்.”

“எத்தனை தண்ணி மாத்தினே?”

“ஒன்பது. எப்பவும் மாத்துறது ஏழுதான்.”

“பொய் சொல்லாதே. உனக்குப் பார்ச்சுக்கு ஓடணும். அவசர அவசரமாக் கழுவிட்டுப் போயிட்டே. செத்தவங்களுக்குச் சோறு போட எனக்கு வாய்க்கரிசி போட்டுட்டே!”

அந்தப் பேச்சு கூடாது. சொன்னவருக்கே தெரிந்தது, முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் நிறுத்தவில்லை. “நாளையிலேருந்து வரவேண்டாம்,” என்று முடித்தார்.

அர்ஜுனன் தொட்டியில் நின்ற சேற்றையெல்லாம் அள்ளிக் கொட்டி, வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மீதிச் சேறு இரண்டு பீப்பாயில் இருந்தது. சாக்கை நனைத்து அவற்றின் மேல் போட்டு மூடினார். என்னைப் பார்த்து, “வரேன், டெக்,” என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் படிகார நினைப்பே இல்லை. பாவம், இந்த மனுஷன் கொஞ்சம் பார்த்துக் கழுவியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

ஜாடிக்குள் தெரிந்தது

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. அக்கா அடுப்படியில் தண்ணீர் ஜாடிக்குள் படிகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பல் விளக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். கலங்கல் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத் திட்டாகி, மெல்லக் கீழே இறங்கியது.

தொட்டியில் நான் பார்த்ததும் இதேதான்.

“என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? வேலைக்கு நேரமாகல?” என்றாள் அக்கா.

“அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்,” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா ஜாடியை மூடிவிட்டு யோசித்தாள்.

“சொன்னா உன்னைய அனுப்பிருவாரா?”

“அனுப்பாம?”

“அப்ப வாய மூடிக்கிட்டுப் போ. உனக்கு வேலை போச்சுன்னா அத்தான் மறுநாளே கல்யாணம் பேச அந்த மண்டோர் மவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிருவாரு. அந்த அர்ஜுனனுக்கு வேற வேலை கெடைக்கும். ஆம்பளை.”

மண்டோர் என்றால் மேஸ்திரி; அவர் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க அத்தான் காத்திருந்தார். அக்காவைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் கேட்க விரும்பியதைத்தான் அவள் சொன்னாள்.

செவ்வாய் போனது. புதன் போனது. புதன்கிழமைக்குள் கிணறு தானாகவே தெளிந்துவிட்டது, அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. மிஸ்டர் ஆந்தோனி தானே சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சேற்றைக் கழுவ ஆரம்பித்தார். அவருக்கு அந்த வேலை கைவரவில்லை. அர்ஜுனன் விட்டுப்போன பீப்பாய்களைத் தொடவே இல்லை, அதில் உப்பு இருக்கிறதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை இரண்டு தடவை அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு தடவை பென்சில் கேட்டேன். இன்னொரு தடவை மழை வருமா என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை அவர் புதுச் சேற்றைக் கலக்கிப் பார்த்தார். கட்டி தட்டியது. அதில் நிஜமாகவே உப்பு இருந்தது. வாளியைத் தூக்கி எறிந்தார். “நாளைக்குப் பெட்டி படுக்கையைக் கட்டவேண்டியதுதான்,” என்றார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கொட்டகையே போனால் என் வேலையும் போகுமே என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

“துவான், அர்ஜுனன் சேறு நல்லாத்தான் இருந்துச்சு. டாங்கித் தண்ணியில நான் படிகாரம் போட்டேன்.”

அவர் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். “எவ்வளவு?”

கையைக் குவித்துக் காட்டினேன். இரண்டு கையையும்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “நான் அவனை என்ன சொன்னேன்னு உன் காதால கேட்டியில்ல,” என்றார். பிறகு எழுந்தார். “முதல்ல தொட்டி. நாளைக்குக் கம்பெனி ஆளுங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் அவன்கிட்டப் போவோம். நீயும் வரணும்.”

இப்போதே போவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை தப்பியது என்று உள்ளுக்குள் மூச்சு விட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

டாங்கியையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவிப் புதுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். அர்ஜுனனின் சாக்கை விலக்கிச் சேற்றை எடுத்தோம். துளி உப்பு இல்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பலகையை மிஸ்டர் ஆந்தோனியே தூக்கினார். சேறு சரிவில் இறங்கி, அடியோடு அடியாகத் தொட்டியின் கடைசி வரைக்கும் ஓடிப் படிந்தது. பெருமணல், பொடிமணல், சேறு. குழாய்த் துண்டை அவர்கள் அனுப்பிய கல்லுக்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் ஒரே வரிசை. கீழ் மணலில் தண்ணீர் இரண்டு நிமிஷத்தில் இறங்கியது. வந்தவர்களில் மூத்தவர் மிச்சச் சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதை யார் கழுவியது?” என்று கேட்டார்.

“எங்க ஆள் அர்ஜுனன்,” என்றார் மிஸ்டர் ஆந்தோனி. “இன்னிக்கு லீவு.”

இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கம்போங் செட்டியில்

சாயந்தரம் நாலு மணிக்கு நடந்தே போனோம். கொட்டகையிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிஷ வழியை ஐந்து நாளாக நான் நடக்கவில்லை.

அர்ஜுனன் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். உள்ளே உட்காரவைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மிஸ்டர் ஆந்தோனியின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மிஸ்டர் ஆந்தோனி காப்பியைத் தொடாமல் எழுந்து நின்றார். “உன் வேலையைப் பத்திச் சொன்னது தப்பு. உங்க வீட்டுப் பெரியவங்களைப் பத்திச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடு, அர்ஜுனன். திங்கட்கிழமை வந்திடு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு.”

“உட்காருங்க, துவான்,” என்றார் அர்ஜுனன். “வீடு தேடி வந்து சொல்லிட்டீங்க, அது போதும். ஆனா குருபோங் பக்கம் ரப்பர் ஆலையில வர்றேன்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை சேரணும். சொன்ன சொல்லை மாத்தக்கூடாதில்ல?”

மிஸ்டர் ஆந்தோனி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். அர்ஜுனன் இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே முடியாதென்று தலையாட்டினார். கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மிஸ்டர் ஆந்தோனி முன்னால் போனார். நான் வாசலில் நின்றேன்.

“பாங், படிகாரம் போட்டது நான்தான்.”

“தெரியும், டெக்.”

“யார் சொன்னது?”

“அன்னிக்குச் சேத்தை அள்ளும்போது, உப்பு இருக்கான்னு ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு இல்லை. நாக்கு சுருக்குனு இழுத்துச்சு. படிகாரம்தான்னு தெரிஞ்சிடுச்சு. சனிக்கிழமை கொட்டகையில இருந்தது நீ ஒருத்திதானே?”

“அப்பவே துவான்கிட்டச் சொல்லியிருக்கலாமே, பாங்!”

“நான் சொல்லியிருந்தா உன்னை விரட்டியிருப்பார். நீயாச் சொன்னா விரட்டமாட்டார், அவரை எனக்குத் தெரியும்.” அர்ஜுனன் குனிந்து எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டார். “நீ எப்படியும் சொல்லிடுவேன்னு நினைச்சேன். அதான் ஆலை மண்டோர்கிட்டப் பதில் சொல்ல வியாழக்கிழமை சாயந்தரம் வரைக்கும் டைம் கேட்டு வாங்கியிருந்தேன்.”

நான் வாய் திறந்தது வெள்ளிக்கிழமை.